ஷெட்லாண்ட் தொடர்: கோர்ட்டுக்கு முன்பே ஊர் எழுதிவிடும் தீர்ப்பு

கேள்வி இது: "பிபிசியின் ஷெட்லாண்ட் தொடரைப் பலர் சிபாரிசு செய்கிறார்கள். அவ்வளவு சின்னத் தீவில் சீசனுக்குச் சீசன் கொலை நடப்பதை எப்படி நம்புவது? கடலையும் குன்றையும் காட்டியே ஓட்டுகிறார்களா? பார்க்கலாம் என்றால் எங்கிருந்து தொடங்குவது, நாவல்களைப் படித்துவிட்டுப் பார்க்க வேண்டுமா?"

முதலில் கணக்கை முடித்துவிடலாம். ஷெட்லாண்டில் மொத்தம் சுமார் 23,000 பேர். நிஜத்தில் அங்கே கொலை என்பது பல வருடங்களுக்கு ஒருமுறை கேள்விப்படுகிற சங்கதி. தொடரில் ஒரு சீசனுக்கு இரண்டு மூன்று பிணங்களாவது விழுகின்றன. 2013 மார்ச்சில் தொடங்கியதிலிருந்து கூட்டிப் பார்த்தால் அந்தத் தீவில் ஒரு பள்ளிக்கூட வகுப்பே காலியாகியிருக்கும். ஆக, எண்ணிக்கையை நம்ப வேண்டாம். மூலக்கதைகளை எழுதிய ஆன் கிளீவ்ஸும் எட்டு ஷெட்லாண்ட் நாவல்களோடு 2018-ல் நிறுத்திக்கொண்டார். பிறகு 2025-ல் கதைநாயகனான துப்பறிவாளர் ஜிம்மி பெரஸை ஆர்க்னி தீவுகளுக்குக் கூட்டிப்போய்விட்டார்.

எண்ணிக்கை பொய். ஆனால் ஒரு கொலைக்குப் பிறகு அந்த ஊர் நடந்துகொள்ளும் விதம் பொய்யில்லை. இந்தத் தொடரின் சத்து முழுக்க அங்கேதான் இருக்கிறது. மிட்சோமர் மர்டர்ஸ் என்று இன்னொரு ஆங்கிலத் தொடர், 1997 முதல் ஓடுகிறது. அதுவும் கிராமத்துக் கொலைக் கதைதான். ஒரு எபிசோடில் பெரிய பாலாடைக்கட்டிச் சக்கரங்களை உருட்டிவிட்டு ஆளைக் கொல்வார்கள். அடுத்த வாரம் வேறு கிராமம், வேறு திருவிழா, பழைய பிணத்தின் ஞாபகம் யாருக்கும் இருக்காது. அது ஒரு விளையாட்டு, அதை அப்படி ரசிப்பதில் தப்பும் இல்லை. ஷெட்லாண்டில் யாரும் எதையும் மறப்பதில்லை. இருபது வருடத்துக்கு முந்தைய சந்தேகம் இன்றைக்கும் சமையலறை மேஜையில் உட்கார்ந்திருக்கிறது. குற்றவாளி யார் என்பதைக் கோர்ட் சொல்லும் முன்பே ஊர் சொல்லிவிடுகிறது. ஊர் சொன்னது தப்பென்று தெரிந்த பிறகும் அதைத் திரும்பப் பெற வழி இருப்பதில்லை. நல்ல சீசன்கள் எல்லாமே இதைச் சுற்றித்தான் பின்னப்பட்டிருக்கின்றன. சறுக்கிய சீசன்கள் இதை விட்டு விலகியபோது சறுக்கியவை.

இடத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் கதை பிடிபடாது. ஸ்காட்லாந்தின் வடக்கே, ஏறக்குறைய 60 டிகிரி அட்சரேகையில், கிட்டத்தட்ட நூறு தீவுகள். அதில் ஆள் வசிப்பது 16-ல்தான். தலைநகர் லெர்விக், ஏழாயிரம் பேர். கடலிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்கு மேல் தள்ளி எந்த இடமும் கிடையாது. மரம் அநேகமாக இல்லை. காற்றும் பல நூற்றாண்டு ஆட்டு மேய்ச்சலும் சேர்ந்து எல்லாவற்றையும் மொட்டை மேடாக்கிவிட்டன. கிராஃப்ட் எனப்படும் சிறு குத்தகைப் பண்ணைகள், அவற்றில் தள்ளித் தள்ளி நிற்கும் வீடுகள். ஒரு வீட்டு ஜன்னலில் நின்றால் அடுத்த மூன்று வீடுகளுக்கு யாருடைய கார் வந்து போகிறது, எத்தனை மணிக்கு விளக்கு அணைகிறது என்பதெல்லாம் தெரியும்.

நகரத்துக் கொலைக் கதையில் போலீஸின் தலைவலி, பார்த்த சாட்சி இல்லை என்பது. இங்கே எல்லாரும் ஏதோ ஒன்றைப் பார்த்திருக்கிறார்கள். சொல்லத்தான் மாட்டார்கள். யாரைப் பற்றிச் சொல்கிறாரோ அவருடைய அண்ணன்தான் இவருடைய படகில் பங்காளி. அவருடைய மனைவிதான் பள்ளிக்கூட டீச்சர். நாளைக்கு அதே கப்பலில் எதிரெதிரே உட்கார வேண்டும். லெர்விக்கிலிருந்து ஸ்காட்லாந்துப் பெருநிலத்தின் அபர்தீன் நகரத்துக்கு இரவுக் கப்பலில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். விமானம் உண்டு, மூடுபனி வந்தால் அதுவும் இல்லை. சம்பரோ விமான நிலையத்தில் ஓடுபாதையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு பிரதான சாலை போகிறது. விமானம் வரும்போது ரயில்வே கேட் மாதிரி தடுப்பைப் போட்டுக் காரை நிறுத்துவார்கள். தப்பித்து ஓடுவதும் கஷ்டம், உதவிக்கு ஆள் வருவதும் கஷ்டம்.

இந்த இடத்தை ஆன் கிளீவ்ஸ் வரைபடத்தைப் பார்த்து எழுதவில்லை. 1970-களில் ஃபேர் ஐல் தீவின் பறவை ஆய்வு நிலையத்தில் சமையல் வேலை பார்த்தவர். ஃபேர் ஐல் என்பது ஷெட்லாண்டுக்கும் ஆர்க்னிக்கும் நடுக்கடலில், ஐம்பது அறுபது பேர் மட்டும் வாழும் துண்டு. பல வருடங்கள் கழித்து ஒரு நடுக்குளிர்காலத்தில் ஷெட்லாண்டுக்குப் போனபோது, வெள்ளைப் பனியில் அண்டங்காக்கைகள் கறுப்பாக நிற்பதைப் பார்த்திருக்கிறார். அந்தக் கறுப்பு வெள்ளைக்கு நடுவில் ஒரு சிவப்பு இருந்தால் என்ன என்று தோன்றியதில் பிறந்த நாவல்தான் 2006-ல் வந்த ரேவன் பிளாக். இங்கிலாந்தின் குற்றப்புனைவு எழுத்தாளர் சங்கத்தின் பெரிய பரிசை அந்த வருடமே வாங்கியது. அதுவரை இருபது வருடமாக எழுதிக்கொண்டிருந்தும் பெரிதாகக் கவனிக்கப்படாதவர் அவர்.

ரேவன் பிளாக்கைப் பற்றி நிறையச் சொல்லத் தோன்றுகிறது, ஏனென்றால் தொடரின் முதுகெலும்பு அதில்தான் இருக்கிறது. கதை புத்தாண்டு இரவில் தொடங்குகிறது. மாக்னஸ் என்கிற கிழவர் தனியாக உட்கார்ந்திருக்கிறார். புத்தாண்டு பிறந்ததும் அக்கம்பக்கத்தார் வீட்டு வாசல் மிதித்து வாழ்த்துச் சொல்வது அந்தப் பக்கத்து வழக்கம். அதற்காகக் கேக்கும் விஸ்கியும் எடுத்துவைத்துக் காத்திருக்கிறார். வருடக்கணக்காக ஒருவரும் வந்ததில்லை. பல வருடங்களுக்கு முன் அந்த ஊரில் ஒரு சிறுமி காணாமல் போனாள், மாக்னஸ்தான் காரணம் என்று ஊர் முடிவுகட்டிவிட்டது. நிரூபணம் எதுவும் இல்லை, பிணமும் கிடைக்கவில்லை. அவர் கொஞ்சம் மந்தமான புத்திக்காரர், அம்மாவோடு வளர்ந்தவர், எதையும் யாரிடமும் சொல்லாதே என்று அம்மா சொல்லிவைத்ததை இந்த வயதிலும் மீறாதவர். அந்த மௌனமே குற்றச்சாட்டுக்குப் போதுமானதாக இருந்தது. இந்தப் புத்தாண்டு இரவில் இரண்டு பள்ளி மாணவிகள் விளையாட்டாக அவர் கதவைத் தட்டுகிறார்கள். சில நாளில் அதில் ஒருத்தி பனியில் பிணமாகக் கிடக்கிறாள், அவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே.

பிறகு என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் யாரும் கல்லெறிவதில்லை, வீட்டைக் கொளுத்துவதில்லை. மளிகைக் கடையில் பேச்சு நிற்கிறது. பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாகிறது. "நான் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால்..." என்று ஒவ்வொருவரும் தொடங்குகிறார்கள். வெளியூர்க் கூட்டம் கலவரம் செய்யும், உள்ளூர் ஊர் இப்படித்தான் மென்மையாகக் கழுத்தை நெரிக்கும். 2014-ல் இதைத் தொடராக எடுத்தபோது மாக்னஸாக நடித்தவர் பிரையன் காக்ஸ். பின்னாளில் சக்ஸஷன் தொடரில் பெரும் பணக்காரராக உறுமியவரேதான். இங்கே குரலே எழாத ஆளாக, கண்ணில் பயமும் நட்புக்கான ஏக்கமும் ஒன்றாகத் தெரிய, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பார். அந்த இரண்டு எபிசோடுகளுக்காகவே தொடரைத் தொடங்கலாம். யார் கொன்றார் என்பதைச் சொல்ல மாட்டேன். மாக்னஸ் விஷயத்தில் ஊர் செய்ததற்கு ஈடு செய்ய ஒரு வழியும் இல்லை என்பது தெரிய வரும்போது, கொலைகாரர் பிடிபட்ட நிம்மதி பார்ப்பவருக்கு வராது. அதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

நான்காவது சீசன், 2018, இதே கேள்வியைப் பல மடங்கு பெரிதாக்கியது. தாமஸ் மலோன் என்பவர் ஒரு டீன் ஏஜ் பெண்ணைக் கொன்றதாக 23 வருடம் சிறையில் இருந்துவிட்டு, மேல்முறையீட்டில் தண்டனை ரத்தாகி, ஊருக்கே திரும்பி வருகிறார். கோர்ட் விடுவித்துவிட்டது, ஊர் விடுவிக்கவில்லை. அவர் வந்த சில நாளில் ஒரு பெண் பத்திரிகையாளர் கொல்லப்படுகிறார். செத்தவரின் அப்பா, மலோனை அன்றைக்கு உள்ளே தள்ளிய போலீஸ் அதிகாரி. எழுத்தாளர்கள் இதில் செய்த புத்திசாலித்தனம், மலோனை நல்லவராகக் காட்டாததுதான். ஸ்டீபன் வால்டர்ஸ் அவரைப் பார்த்தால் உடம்பு கூசுகிற மாதிரி நடித்திருக்கிறார். நமக்கும் அவர் மேல் சந்தேகம் வருகிறது, வந்த சந்தேகத்துக்கு ஆதாரம் என்ன என்று நாமே நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அப்பாவி என்றால் பார்க்கவும் அப்பாவியாக இருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பதை ஆறு எபிசோடு முழுக்கத் தோண்டிக்கொண்டே இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்து தொடரின் உச்சம் இதுதான். மூன்றாவது சீசனுக்குத்தான் அந்த இடம் என்று சண்டை போடுபவர்களும் உண்டு.

ஆறாவது சீசனில் (2021) அதைத் திருப்பிப் போட்டார்கள். முன்பு உண்மையாகவே கொலை செய்து தண்டனை பெற்ற ஒருவர், சாகும் நிலையில், கருணை அடிப்படையில் விடுதலையாகி ஊரில் வந்து இறங்குகிறார். இந்த முறை ஊரின் தீர்ப்பும் கோர்ட்டின் தீர்ப்பும் ஒன்றுதான். அப்போதும் கடையில் பால் வாங்க வரும் அந்த ஆளை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு நகரத்தில் இந்தக் கேள்வி எழாது. ஆள் வேறு பேட்டைக்குப் போய்விடுவார்.

இனி பெரஸ். இன்ஸ்பெக்டர் ஜிம்மி பெரஸ் ஃபேர் ஐல்காரர். பெயர் ஸ்பானியப் பெயராக இருப்பதற்கு நாவலில் ஒரு கதை உண்டு. 1588-ல் இங்கிலாந்தைத் தாக்கப் போன ஸ்பானியக் கப்பற்படையின் எல் கிரான் கிரிஃபோன் என்ற கப்பல் ஃபேர் ஐலில் மோதி உடைந்தது வரலாறு. அதில் பிழைத்த மாலுமி ஒருவரின் வம்சம் என்பது நாவலாசிரியரின் கற்பனை. நாவலில் அவர் கறுத்த தலைமுடிக்காரர். தொடரில் நடித்த டக்ளஸ் ஹென்ஷல் செம்பட்டை முடி. வாசகர்கள் முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு அந்தக் கருநீலக் கோட்டைத் தவிர வேறெதுவும் அவர்கள் நினைவில் நிற்கவில்லை. 2016-ல் ஸ்காட்லாந்து பாஃப்டா விருதுகளில் சிறந்த நடிகர், சிறந்த நாடகத் தொடர் இரண்டும் இவர்களுக்கே.

பெரஸ் விசாரிக்கும் முறையைக் கவனியுங்கள். மேஜையைத் தட்டுவதில்லை. போனால் டீ குடிக்கிறார். நாயை விசாரிக்கிறார், அம்மாவின் முட்டிவலியை விசாரிக்கிறார், அப்புறம் பேச்சோடு பேச்சாகக் கேட்கிறார். அவருக்கு அந்த வீடுகள் எல்லாம் தெரியும், அதுவே பலம், அதுவே தொல்லையும். தொடர் தொடங்கும்போது மனைவி ஃபிரான் இறந்துவிட்டார். ஃபிரானின் மகள் கேசி பெரஸிடம் வளர்கிறாள். கேசியைப் பெற்ற அப்பா டங்கன் ஹன்டரும் அதே ஊர்தான். மார்க் பான்னர் நடித்த பாத்திரம். பணம், பெண், பொய் மூன்றிலும் நம்பக்கூடாத ஆள், ஆனாலும் வெறுக்க முடியாது. பெரிய ஊரில் இந்த இரண்டு ஆண்களும் ஒருவர் முகத்தில் ஒருவர் முழிக்காமல் வாழ்ந்துவிடலாம். இங்கே இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒரு பெண்ணை வளர்த்தாக வேண்டும். விசாரணையில் டங்கன் பெயர் அடிபடும் போதெல்லாம் பெரஸ் என்ன செய்வார் என்பதுதான் எனக்கு உண்மையான சஸ்பென்ஸ்.

நாவல்களில் ஃபிரான் உயிரோடு வருகிறார், ரேவன் பிளாக்கில் பனியில் பிணத்தை முதலில் பார்ப்பதே அவர்தான். தொடரின் முதல் கதையாக மூன்றாவது நாவலான ரெட் போன்ஸை எடுத்துக்கொண்டு, பெரஸை ஆரம்பத்திலேயே மனைவியை இழந்தவராக்கிவிட்டார்கள். நாவல் வாசகர்களுக்கு இது குறைதான், ஏனென்றால் நான்கு நாவல்களில் மெல்ல வளரும் ஒரு காதல் தொடரில் வெறும் புகைப்படமாகிவிடுகிறது. தொடருக்கு லாபம் என்னவென்றால், எல்லார் துக்கத்தையும் விசாரிக்கிற ஆள் தன் துக்கத்தை மட்டும் யாரையும் விசாரிக்க விடாமல் நடமாடுவது.

துணைப் பாத்திரங்களில், பெரஸின் கீழ் வேலை பார்க்கும் போலீஸ்காரி டோஷ் என்கிற அலிசன் மெக்கின்டாஷ், நடித்தவர் அலிசன் ஓ'டானல், இந்தத் தொடரின் இன்னொரு பாதி. மூன்றாவது சீசனில் (2016) விசாரணைக்காகக் கிளாஸ்கோ போன இடத்தில் அவர் கடத்தப்பட்டு பாலியல் வன்முறைக்கு உள்ளாகிறார். அந்த வன்முறை ஒரு நொடிகூடத் திரையில் இல்லை. அதன் பிறகு அவர் பேசுவது, பேசாமல் இருப்பது, பரிசோதனை அறையில் உட்கார்ந்திருப்பது, வேலைக்குத் திரும்புவது, இவைதான் காட்டப்படுகின்றன. பெண் போலீஸ் பாத்திரத்தைக் கதைக்காகக் காயப்படுத்திவிட்டு அடுத்த வாரம் மறந்துவிடும் வழக்கமுள்ள உலகில், அடுத்தடுத்த சீசன்களிலும் அது அவரிடம் இருந்துகொண்டே இருந்தது. அதே குழுவின் போலீஸ்காரர் சாண்டியாக நடிக்கும் ஸ்டீவன் ராபர்ட்சன் ஷெட்லாண்டிலேயே பிறந்தவர். உள்ளூர்ப் பேச்சு எப்படி இருக்கும் என்று கேட்க விரும்பினால் அவர் வாயைக் கவனியுங்கள். மற்றவர்கள் பேசுவது பெரும்பாலும் ஸ்காட்லாந்தின் பெருநிலத்து ஆங்கிலம், ஷெட்லாண்ட்காரர்களுக்கு இதில் மனத்தாங்கல் உண்டு.

சட்ட நடைமுறை பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இங்கிலாந்துத் தொடர்களைப் பார்த்துப் பழகியவர்கள் இங்கே குழம்புவார்கள். ஸ்காட்லாந்தின் குற்றவியல் சட்டம் தனி. இங்கிலாந்தில் மரண விசாரணை நடத்தும் கரோனர் என்ற அதிகாரி இங்கே கிடையாது. சந்தேக மரணங்களின் விசாரணை ப்ரொக்யூரேட்டர் ஃபிஸ்கல் என்ற அரசு வழக்குத் தொடுநரின் பொறுப்பு, போலீஸ் அவருக்காகத்தான் விசாரிக்கிறது. ஜூலி கிரஹாம் நடித்த ரோனா கெல்லி என்ற ஃபிஸ்கல் பெரஸின் அறைக்குள் நுழைந்து கேள்வி கேட்பது அதனால்தான். அவர் மேலதிகாரி என்று பலர் தப்பாக நினைக்கிறார்கள். இன்னொன்று, குற்றத்தை நிரூபிக்க ஒன்றையொன்று சாராத இரண்டு ஆதாரமாவது வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் பழைய விதி. கொலை வழக்கில் பிரேதப் பரிசோதனையைக்கூட இரண்டு மருத்துவர்கள் சேர்ந்து செய்வது இதனால்தான். ஜூரியில் 15 பேர். குற்றவாளி, குற்றவாளி அல்ல என்பவற்றோடு "நிரூபிக்கப்படவில்லை" என்று மூன்றாவது தீர்ப்பு ஒன்றும் நூற்றாண்டுகளாக இருந்தது. அந்தத் தீர்ப்பு வாங்கியவர் சட்டப்படி விடுதலை, ஆனால் ஊர் வாயில் அவர் பாதிக் குற்றவாளி. அதை ஒழிக்க ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 2025-ல் சட்டம் நிறைவேற்றியது. மாக்னஸும் மலோனும் எந்த மண்ணில் விளைந்த பாத்திரங்கள் என்பது இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் இன்னும் விளங்கும்.

கொலை வழக்குகள் பொதுவாக லெர்விக்கில் நடப்பதும் இல்லை, பெருநிலத்தில் உயர் நீதிமன்றம் அமரும் நகரங்களுக்குப் போய்விடும். ஆக, ஊர் கண்முன் நடப்பது சந்தேகமும் கைதும் மட்டும்தான். சாட்சிகளை மடக்கி விசாரிப்பது எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம்.

தொடர் இதில் சில இடங்களில் வசதிக்காக வளைத்திருக்கிறது. நாவலில் பிணம் கப்பலேறி அபர்தீனுக்குப் போகும், பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டும். பெரிய வழக்கென்றால் இன்வர்னெஸிலிருந்து ஒரு குழு வந்து இறங்கி, உள்ளூர் பெரஸை ஓரங்கட்டும். ரேவன் பிளாக் நாவலில் அந்த உரசலே ஒரு தனிச் சுவை. தொடரில் கோரா என்ற தடயவியல் மருத்துவர் உள்ளூரிலேயே கையெட்டும் தூரத்தில் இருக்கிறார், பெரஸே எல்லாவற்றையும் நடத்துகிறார். வேகம் கூடுகிறது, தனித்துவிடப்பட்ட உணர்வு குறைகிறது. முதல் சீசன் ஒளிபரப்பான அடுத்த மாதமே, 2013 ஏப்ரல் 1-ல், ஸ்காட்லாந்தின் எல்லாப் போலீஸ் படைகளும் ஒரே படையாக இணைக்கப்பட்டன. அந்த மாற்றம் சிற்றூர் ஸ்டேஷன்களுக்கு என்ன செய்தது என்பதைத் தொடர் அதிகம் தொடவில்லை. தொட்டிருக்கலாம்.

ஊர் மூடிய ஊர் என்று இதுவரை சொன்னேன். ஆனால் தீவு மூடிய இடம் அல்ல. 15-ஆம் நூற்றாண்டு வரை ஷெட்லாண்ட் ஸ்காட்லாந்தோடு சேர்ந்ததே இல்லை. 1469-ல் டென்மார்க்-நார்வே அரசர் மகளின் வரதட்சிணைப் பணத்தைக் கட்ட முடியாமல் ஸ்காட்லாந்து அரசருக்கு அடகு வைத்த தீவுகள் இவை. அவர் மீட்கவேயில்லை. ஊர்ப் பெயர்களில் பெரும்பாலும் நார்வே வாடை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் பிடியிலிருந்த நார்வேக்கு ஆளும் ஆயுதமும் கடத்த மீன்பிடிப் படகுகள் ஷெட்லாண்டிலிருந்துதான் போயின, அதற்கு ஷெட்லாண்ட் பஸ் என்று பெயர். ரெட் போன்ஸ் கதையின் வேர் அங்கேதான் போகிறது. ஒரு கிழவி தன் நிலத்தில் சுடப்பட்டுக் கிடக்கிறாள், அதே நிலத்தில் தொல்லியல் மாணவர்கள் தோண்டிய குழியில் எலும்புகள். போர்க்காலப் பணமும் போர்க்கால மௌனமும் இரண்டு தலைமுறை தாண்டி வந்து நிற்கின்றன. பிறகு எண்ணெய் வந்தது. 1981-ல் திறக்கப்பட்ட சலம் வோ முனையம் தீவின் பணப்புழக்கத்தையே மாற்றியது. வெளியாட்கள், புதுப் பணம், பழைய பொறாமை எல்லாம் சேர்ந்து வந்தன. நான்காவது சீசன் நார்வேக்குப் போவது இந்தப் பின்னணியில் செயற்கையாகத் தோன்றுவதில்லை.

ஆனால் வெளியிலிருந்து ரவுடிகளை இறக்கும்போது தொடர் தளர்கிறது. ஐந்தாவது சீசன் (2019) ஆள்கடத்தலைக் கையில் எடுத்தது, கரையில் மனித உடலின் பாகம் ஒதுங்குவதில் தொடங்கும். நைஜீரியத் தாயாக ராக்கி அயோலா நடித்த பகுதிகள் கனமானவை, கடத்தல் கும்பல் வரும் பகுதிகள் எந்த ஊர்த் தொடரிலும் வரக்கூடியவை. எட்டாவது சீசனிலும் (2023) இதே கோளாறு. ஏழாவதோடு (2022) ஹென்ஷல் விலகிவிட்டார், ஆஷ்லி ஜென்சன் ரூத் கால்டர் என்ற புது இன்ஸ்பெக்டராக வந்தார். இருபது வருடம் லண்டன் போலீஸில் இருந்துவிட்டு, பிறந்த ஊருக்கு விருப்பமில்லாமல் திரும்புகிறவர். நல்ல யோசனை. ஊரை விட்டு ஓடியவர் திரும்பி வந்தால் ஊர் அவரையும் விசாரிக்கும் இல்லையா? அதை நன்றாகவே தொட்டார்கள். ஆனால் லண்டன் தாதாக்களின் பணத்தோடு ஓடிவந்த பெண், பின்னால் துரத்தும் கொலையாளிகள் என்று கதை போனதில் மொட்டைக் குன்றுகள் வெறும் பின்திரை ஆகிவிட்டன. ஒன்பதாவது (2024) தேவலாம். டோஷின் தோழி ஒருத்தியும் அவள் மகனும் காணாமல் போவதில் தொடங்குவதால் மறுபடி ஊருக்குள் வந்துவிட்டார்கள்.

"கடலையும் குன்றையும் காட்டியே ஓட்டுகிறார்களா" என்று கேட்டிருந்தீர்கள். உள்ளரங்கக் காட்சிகளும் இன்னும் பலவும் படமானது கிளாஸ்கோ பக்கத்தில். ஷெட்லாண்டில் படப்பிடிப்பு சில வாரங்கள்தான், அது செலவுக் கணக்கு. பெரஸ் ஒரு தெருமுனையில் திரும்பினால் நாற்பது கிலோமீட்டர் தள்ளி வெளிவருவார் என்று உள்ளூர்க்காரர்கள் கிண்டலடிப்பது உண்டு. கடலுக்குள் காலை நீட்டிக்கொண்டு நிற்கும் அவருடைய வீடு மட்டும் நிஜம். லெர்விக்கின் லாட்பெரி எனப்படும் பழைய வணிகர் வீடு அது, இன்று சுற்றுலாக்காரர்கள் வரிசை கட்டிப் படம் எடுக்கிற இடம். வெளிச்சமும் நிஜம். ஜூனில் இரவே முழுதாக இருட்டாது, டிசம்பரில் பகல் ஆறு மணி நேரம்கூடக் கிடையாது. ஜனவரி கடைசிச் செவ்வாயில் லெர்விக்கில் நடக்கும் அப் ஹெலி ஆ திருவிழாவும் நிஜம். வைக்கிங் வேடமிட்ட கூட்டம் தீப்பந்தங்களோடு ஊர்வலம் போய் ஒரு மரக்கப்பலைக் கொளுத்தும். ஊரே முகமூடியும் வேடமுமாக இருக்கிற ஓர் இரவு கொலைக் கதைக்கு எவ்வளவு வசதி என்று சொல்லத் தேவையில்லை. மயானக் கொள்ளையை வைத்துப் பின்னிய சுழல் தொடரை (2022) ரசித்தவர்களுக்கு இந்த உத்தி உடனே பிடிபடும். சுழலில் விழா கதையை ஓட்டிச் செல்கிறது, இங்கே அது பெரும்பாலும் ஒரே ஓர் இரவின் கண்மறைப்பு.

எங்கிருந்து தொடங்குவது? முதல் சீசனின் இரண்டு எபிசோடுகளைத் தாண்டிவிடாதீர்கள், நடை கொஞ்சம் தடுமாறினாலும் ஆட்கள் அறிமுகமாவது அங்கே. இரண்டாவது சீசன் மூன்று தனிக் கதைகள், ஒவ்வொன்றும் இரண்டு எபிசோடு: ரேவன் பிளாக், டெட் வாட்டர், ப்ளூ லைட்னிங். இதுவரைக்கும்தான் நாவல்கள். மூன்றாவதிலிருந்து சீசனுக்கு ஆறு எபிசோடு, ஒரே கதை, திரைக்காகவே எழுதியவை. மூன்று, நான்கு கட்டாயம். ஆறாவதைப் பார்க்கும் முன் நான்காவதைப் பார்த்தே ஆக வேண்டும், மாற்றிப் பார்த்தால் நான்காவதின் முடிச்சு முழுதும் அவிழ்ந்துவிடும்.

நாவல்கள் படிப்பதாக இருந்தால் ரேவன் பிளாக்கைத் தொடருக்கு முன்பே படித்துவிடுங்கள். மாக்னஸின் தலைக்குள் உட்கார்ந்து எழுதிய அத்தியாயங்களை எந்தக் கேமராவாலும் எடுக்க முடியாது. வெளியான வரிசையிலேயே போங்கள்: அடுத்து வைட் நைட்ஸ், ரெட் போன்ஸ், ப்ளூ லைட்னிங். வைட் நைட்ஸைத் தொடராக எடுக்கவே இல்லை, அதனால் அது உங்களுக்கு முழுக்கப் புதுசாக இருக்கும். ப்ளூ லைட்னிங் நடப்பது ஃபேர் ஐலின் ஒரு பறவை நிலையத்தில், ஆசிரியர் சமைத்துக்கொண்டிருந்த நிலையத்தின் சாயலில். நிஜ நிலையத்தின் பிற்காலக் கட்டடம் 2019-ல் தீயில் எரிந்துபோனது. அந்த நாவலின் கடைசிப் பக்கங்களைப் பற்றி யாராவது பேச வந்தால் காதைப் பொத்திக்கொள்ளுங்கள்.